எண்ணெயும் உறையும்: கவனம் என்னும் அறம் பற்றிச் சில சிந்தனைகள்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி நோக்கி வடக்கே செல்லும் வீதியில் உப்புவெளியைக் கடந்து செல்வோர், சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாகச் சல்லி என்னும் கிராமத்தை அடைவர். முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற இவ்வூர் மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் ஊராகும். கிழக்கிலங்கையின் பேச்சு வழக்கிலே சல்லி என்பது பணத்தையுங் குறிக்கும். ஊர்ப் பெயருக்கும் இச்சொல்லுக்கும் உறவு உண்டோ இல்லையோ, இங்கு ஆராயப்படும் பொருளோடு அச்சொல்லுக்கு உறவு உண்டு.

கரையில் இறங்கும் மீனை வெயில் ஏறுமுன் சந்தைக்குக் கொண்டு செல்வதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், காய்ச்சற்காரரை நகரத்து ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் இத்தகைய கடலோர ஊர்களில் ஒரே மோட்டார் சைக்கிளின் வேலைகளாகும். காலையில் மீன்பெட்டி கட்டப்பட்ட அதே இடத்தில் மாலையில் மனைவியும் மகளும் அமர்வர். அத்தகைய பழைய வண்டிகள் பலவற்றில், பேச்சு வழக்கிலே செயின் கவர் எனப்படும் சங்கிலி உறை காணப்படுவதில்லை. சங்கிலியோ பெரும்பாலும் எண்ணெய் பூசப்பட்டு நன்கு பேணப்பட்டிருக்கும். எண்ணெயிடத் தவறாத ஒருவன் உறையை மட்டும் கழற்றிவிட்டு ஓடுவது ஏன்? அது அவனுடைய சொந்த விடயந்தானா? சிறிதாகத் தோன்றும் இவ்வினா, ஒருவன் தன் உடைமையைப் பேணுவதற்கும் பிறரைப் பேணுவதற்கும் இடையிலுள்ள தொடர்பைத் தொட்டுச் செல்கின்றது.

முதலிற் சங்கிலியின் இயல்பை நோக்குதல் வேண்டும். இன்று வண்டிகளில் ஓடும் உருளைச் சங்கிலியின் அமைப்பை 1880ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த சுவிற்சர்லாந்து நாட்டவராகிய ஹான்ஸ் ரெனோல்ட் உருவாக்கினார். அதன் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசி உண்டு. ஊசியைச் சூழ்ந்து ஒரு சிறு குழாயும், குழாயைச் சூழ்ந்து சுழலும் உருளையும் உள்ளன. பற்சில்லின் பல்லில் அமர்வது வெளியுருளை. தேய்வதோ உள்ளே கண்ணுக்குத் தெரியாதிருக்கும் ஊசியும் குழாயுமேயாகும். 'செயின் இழுபட்டுவிட்டது' என்று கராஜ்களிற் கூறுவது வழக்கம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. நூற்றெட்டு மூட்டுகளில் ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தேய்ந்தாற் போதும், சங்கிலி முழுவதும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டுவிடும். ஆகவே எண்ணெய் சென்று சேரவேண்டிய இடம் சங்கிலியின் மேற்புறமன்று. தகடுகளின் இடுக்கு வழியே ஊசியின் மேனியாகும். வண்டி ஓடி நின்று சங்கிலி இளஞ்சூடாக இருக்கும்போது, கீழ்வரிசையின் உட்புறத்தில், சில்லைக் கையாற் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டு எண்ணெய் விடுவதும், சற்றுப் பொறுத்து மிகுதியைத் துணியால் ஒற்றியெடுப்பதும் முறையாகும். உட்புறத்தில் விட்ட எண்ணெயைச் சுழற்சியே வெளிநோக்கித் தள்ளி மூட்டுக்குள் செலுத்திவிடும். 1970களிற் பரவத் தொடங்கிய, இறப்பர் வளையங்களால் மூட்டுகள் அடைக்கப்பட்ட சங்கிலிகளில் உள்ளே கிறீஸ் நிலையாக இருப்பினும், உருளைகளுக்கும் தகடுகளுக்கும் வெளியெண்ணெய் வேண்டியே இருக்கின்றது.

இம்முறையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. சில்லைக் கையாற் திருப்பச் சோம்பி, எந்திரத்தை இயக்கிக் கியரில் விட்டு, ஓடும் சங்கிலியைத் துணியாற் துடைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. துணியைப் பற்றிய சங்கிலி விரலையும் சேர்த்துப் பற்சில்லுக்குள் கொண்டுசெல்லும். இவ்வாறு விரலிழந்தோரைப் பற்றிக் கைச்சத்திர மருத்துவ இதழ்கள் எழுதியுள்ளன. எண்ணெயிடும் செயலிலேயே, துணி எவ்வாறு சங்கிலிக்கு இரையாகும் என்ற பாடமும் கிடைத்துவிடுகின்றது. அப்பாடம் தன் விரலோடு நின்றுவிடுகின்றதா, பின்னாலிருப்பவரின் ஆடைவரை செல்கின்றதா என்பது வேறு கேள்வி.

சல்லி போன்ற ஊர்களில் சங்கிலியின் பகைகள் இரண்டு. ஒன்று உப்பு. உப்புத்துகள் காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் இயல்புடையதாதலால், மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கும். மற்றது மணல். இதே கரையின் வடக்கே புல்மோட்டையில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் முதலிய கனிமங்களுக்காக மணல் அகழப்படுகின்றது. கடற்கரை மணலின் கடினத்தை அறிய அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை. சாதாரண குவாட்சு மணலே உருக்கைத் தேய்க்கப் போதுமானது. எண்ணெய் இல்லாவிடில் உப்பு தின்னும். எண்ணெய் மிகுந்தால் மணல் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். இவ்விரண்டிற்கும் இடையில் வண்டியைக் காப்பாற்றுவதற்கு வாரந்தோறும் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தின் விலையும் அற்பமானதன்று. 2020 மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை 2025ஆம் ஆண்டின் தொடக்கம்வரை நீடித்தது. இடையே 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அக்காலத்திற் பழைய வண்டியொன்று ஒரு குடும்பத்தின் பிழைப்பாகவே இருந்தது. அதன் சங்கிலிக்கு எண்ணெயிட்டவனை வெறும் பொழுதுபோக்காளன் என்று எவரும் கூறமுடியாது.

இனி உறை கழற்றப்படும் காரணத்தை அவனுடைய பக்கத்திலிருந்தே கேட்டல் நியாயம். மெல்லிய தகட்டாலான உறையை உப்புக்காற்று விரைவில் அரித்துவிடுகின்றது. அதைத் தாங்கும் ஆணியின் துளை விரிகின்றது. பின்னர் உறை ஆடத் தொடங்கிச் சங்கிலியோடு உரசி ஓசையெழுப்புகின்றது. கராஜில் சங்கிலி மாற்றும்போது கழற்றப்பட்ட உறை மூலையிற் கிடக்கிறது. திரும்பப் பூட்டுவதற்கு எவரும் அவசரப்படுவதில்லை. சில நாட்களில் உறையில்லாத வண்டியே வசதியானதாகத் தோன்றுகின்றது. சங்கிலி கண்ணுக்குத் தெரிகின்றது. அதன் தொய்வைத் தொட்டுப் பார்க்கலாம். துரு தோன்றிய அன்றே எண்ணெய் விடலாம். உறைக்குள் மணல் தங்குமென்ற கவலையும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதே கவனிக்கப்படும் என்பது அவனுடைய வாதம். வாதம் என்ற அளவில் இது எளிதிற் தள்ளத்தக்கதன்று. மூடியிருப்பதனாற் பழுதைப் பெருகவிடும் எந்திரங்கள் உலகில் ஏராளம். மூடியிருப்பதனாற் பழுதைப் பெருகவிடும் நிறுவனங்களும் உண்டு.

ஆயினும் எந்திர வரலாறு முழுவதும் அவன் பக்கம் நிற்கவில்லை. இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ப்ரனில் ஜோன் மார்ஸ்ரனின் நிறுவனம் செய்த சன்பீம் சைக்கிள்கள், சங்கிலியை முழுதும் மூடி அடியில் எண்ணெய் நிற்கவிடும் உறைக்காகவே புகழ்பெற்றவை. 1958இல் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப் வண்டியிலும் சங்கிலி முழு உறைக்குள் ஓடிற்று. கடைப்பையன் அன்றாட உடையோடு ஏறி ஓடவேண்டிய வண்டி அது என்பதை அதை ஆக்கியோர் மறக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் வண்டிகளிற் சங்கிலியின் இரு வரிசைகளும் இறப்பர்க் குழாய்களுக்குள்ளே மறைந்து ஓடின. அச்சங்கிலிகள் நெடுங்காலம் உழைத்தமைக்கு இம்மறைவே காரணம். எனவே நல்ல உறை சங்கிலிக்குப் பகையன்று. எண்ணெயின் தேவையையே அது குறைக்கின்றது. ஆனால் சல்லிக்கரை வண்டிகளிற் பல முழு உறை கொண்டவையல்ல. மேல்வரிசையை மட்டும் மூடும் அரையுறையால் சங்கிலியின் ஆயுள் பெரிதும் கூடிவிடுவதில்லை. ஆதலின் சங்கிலியின் நன்மையை மட்டும் கருதினால், அரையுறையைக் கழற்றியவன் பெருந்தவறு செய்ததாகக் கூறுதல் கடினம். வினா சங்கிலியை விட்டு வேறோரிடத்துக்குச் செல்லவேண்டியுள்ளது.

உறை யாருக்காக அமைந்தது? ஓட்டுபவனின் கால் கால்மிதியின்மேல், சங்கிலியின் ஓட்டத்துக்கு விலகி நிற்கின்றது. பின்னால் இருப்பவரின் நிலை வேறு. வாகனங்கள் இடப்புறமாகச் செல்லும் இந்நாட்டிற் சேலை உடுத்த பெண்கள் வீதியோரத்தை நோக்கி, இடப்பக்கம் கால்களைத் தொங்கவிட்டு ஒருபக்கமாக அமர்வது வழக்கம். பெரும்பாலான வண்டிகளிற் சங்கிலி ஓடுவதும் அதே இடப்பக்கத்திலாகும். சேலையின் கொய்சகமும் முந்தானையும் சங்கிலிக்கு நேராகவே தொங்குகின்றன. வண்டி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது பின்சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ ஆறுமுறை சுழல்கின்றது. நாற்பதளவு பற்கள் கொண்ட பின் பற்சில்லு ஒவ்வொரு சுற்றிலும் அரை மீற்றர் சங்கிலியை இழுத்துக்கொள்ளும். எனவே சங்கிலி செக்கனுக்கு மூன்று மீற்றர் ஓடுகின்றது. ஆறு யார் சேலையின் நீளம் ஐந்தரை மீற்றர். சங்கிலி பற்றிய முனையை உணர்ந்து, கூவி, ஓட்டுபவன் கேட்டுத் தடுப்பை அழுத்துவதற்கு இரண்டு செக்கன்கள் போதா.

1927 செப்ரெம்பரில் பிரான்சின் நீசு நகரில் நடனமேதை இசடோரா டங்கன், தாம் ஏறிச்சென்ற மோட்டார் வண்டியின் சில்லிலே கழுத்துச் சால்வை சிக்கி உயிரிழந்தார். மேல்நாட்டார் அதனை ஒரு புகழ்மிக்கவரின் விசித்திர முடிவாகவே நினைவு கூர்கின்றனர். சேலையும் தாவணியும் நாள்தோறும் வண்டியேறும் நாடுகளில் அதில் விசித்திரம் எதுவுமில்லை. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டுமென்பதோடு, அவருடைய ஆடை சில்லில் அகப்படாதவாறு பின்சில்லின் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பும் வேண்டுமென்று கூறுகின்றது. சட்டம் இயற்றுவோர் சேலையை எண்ணிப் பார்த்த அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்றாகும். சேலை மட்டுமன்று: குழந்தைகளின் குதிக்கால் சில்லுக் கம்பிகளுக்கிடையே அகப்படுதல் மருத்துவ நூல்களிற் தனிப்பெயர் பெற்ற ஒரு காயமாகும்.

தன் உடைமையைத் தன் விருப்பப்படி வைத்திருப்பது ஒருவனுடைய உரிமையன்றோ என்று வினவுவோர் உளர். ஜோன் ஸ்ருவட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலிற் தனக்கு மட்டும் தீங்கு விளைக்கக்கூடிய செயலிற் சமூகம் தலையிடலாகாதென வாதிட்டார். தனியே மீன்பெட்டியோடு செல்லும்போது உறையைக் கழற்றியவன் இவ்வாதத்தின் நிழலில் ஓரளவு ஒதுங்கலாம். காலையில் ஒதுங்க இடமிருந்த நிழல் மாலையில் மனைவி ஏறி அமர்ந்ததும் மறைந்துவிடுகின்றது. வண்டி அதுவே, வீதியும் அதுவே, உறையில்லாமையும் அதுவே. ஆனால் செயல் வேறாகிவிட்டது.

ஏறி அமர்ந்தவர் தாமாகவே ஏறினாரன்றோ? இந்தத் தடையை உரோமச் சட்டவல்லுநர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தாகவே எதிர்கொண்டனர். பேரரசன் யஸ்ரினியன் காலத்தில் 533இல் தொகுக்கப்பட்ட சட்டத்திரட்டில் ஒரு வழக்கு பேசப்படுகின்றது. சிலர் பந்தாடுகின்றனர். பந்து, அருகிற் சவரஞ் செய்துகொண்டிருந்த நாவிதனின் கையில் மோதுகின்றது. சவரக்கத்தி அடிமையொருவனின் கழுத்தை அறுத்துவிடுகின்றது. குற்றம் ஆடியவனதா, நாவிதனதா? வழக்கமாக விளையாட்டு நடக்கும் இடத்தில் அல்லது சனநடமாட்டம் மிகுந்த இடத்தில் ஆசனம் போட்டானாயின் நாவிதனைக் குறைகூறலாமென்பது ஒரு கருத்து. அவ்வளவு ஆபத்தான இடத்திலுள்ள ஆசனத்திற் தானே சென்று அமர்ந்தவன் தன்னையே நொந்துகொள்ளவேண்டும் என்ற கருத்தும் அங்கே தள்ளப்படாமற் பதிவாகியுள்ளது. இலங்கையின் தீங்கியற் சட்டம் உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்ததாதலால், அந்த நாவிதனின் ஆசனம் நம் நாட்டு நீதிமன்றங்களுக்குத் தூரத்து உறவு எனலாம்.

அமர்ந்தவனை நோவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆபத்து அவன் கண்முன்னே இருந்திருக்கவேண்டும். வேறு ஆசனம் தேடவும் அவனால் இயன்றிருக்கவேண்டும். பின்னால் அமரும் பெண்ணுக்கு இவ்விரண்டும் உண்டா? சங்கிலி அவளுடைய முழங்காலுக்குக் கீழே, மடியிலுள்ள குழந்தையும் பையும் மறைக்கும் இடத்தில் ஓடுகின்றது. உறை எங்கே என்று கேட்டால், எந்திரம் பற்றி உனக்கென்ன தெரியும் என்ற விடை கிடைக்கக்கூடும். பஸ் வராத வீதியில், காய்ச்சலுற்ற பிள்ளையோடு, இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று மறுப்பதற்குரிய சுதந்திரம் சட்டநூலில் மட்டுமே இருக்கும். குழந்தையின் சம்மதம் பற்றிப் பேசுவதே பொருந்தாது. குடும்பத்துக்குள் வழங்கப்படும் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்பது பெரிய வினா. சங்கிலி உறை போன்ற சிறு பொருள்களில் அது அடிக்கடி எழுகின்றது. அடிக்கடி கேட்கப்படாமலே போகின்றது.

தீங்கு செய்யும் எண்ணம் ஓட்டுபவனுக்கு இல்லை என்பது அடுத்த வாதம். உண்மைதான், தன் மனைவிக்கு அவன் ஏன் தீங்கு நினைக்கவேண்டும்? இந்திய தத்துவ மரபில் இதுபற்றி நெடிய வழக்கொன்று உண்டு. மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்திற் புத்தர், உடலாற் செய்யும் வினையினும் மனத்தாற் செய்யும் வினையே பாரமானது என்கின்றார். சமணரோ, எண்ணாமற் செய்த கொலையும் கொலையே எனக் கொண்டு, நடக்கும் வழியையும் உண்ணும் கலத்தையும் பார்த்துப் பார்த்து வாழ்ந்தனர். பௌத்த நூலாகிய குண்டலகேசிக்கு எதிராக எழுந்த நீலகேசி மூலம் இவ்விரு சமயங்களின் வழக்காடல் தமிழிலும் ஒலித்தது. எண்ணமே வினையாயின் உறை கழற்றியவன் குற்றமற்றவன். விளைவே வினையாயின் அவனும் கொலைகாரனும் ஒன்று. இரண்டு முடிவுகளையும் சாதாரண மனிதனின் மனம் ஏற்பதில்லை.

தமிழர் நினைவில் நிலைத்த சில்லு ஒன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. திருவாரூர் வீதியில் அரசகுமாரனின் தேர்க்காலில் ஆன்கன்று அகப்பட்டு இறந்த செய்தியைச் சேக்கிழார் விரிவாகப் பாடியுள்ளார். கன்று தானாகவே துள்ளிவந்து புகுந்தது, இளவரசன் கண்டிலன். அமைச்சர்கள் கழுவாய் போதுமென்றனர். மனுநீதி கண்ட சோழன் அதனை ஏற்காது தன் மகனையே தேர்க்காலிலிட்டான். கோணேசர் கோயில் திருப்பணியோடு தொடர்புபடுத்தப்படும் குளக்கோட்டன் அம்மன்னன் வழிவந்தவன் என்பது திருகோணமலை மரபாதலால், இக்கதை அப்பகுதியார்க்கு அயலான கதையுமன்று. மன்னன் அளித்த தண்டனை இன்றைய அறிவுக்கு ஒவ்வாது. மகனுக்கு முன்பே, ஆணைக்குட்பட்ட அமைச்சன் உயிர்விட்டதையும் எண்ணும்போது அந்நீதியின் செலவு மிகப் பெரிது. ஆயினும் அவன் எழுப்பிய கேள்வி மறையவில்லை. சில்லை ஓட்டுபவன், தான் காணாததற்கும் பொறுப்பாளியா என்பதே அக்கேள்வி.

1976இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பேர்னாட் வில்லியம்சும் அமெரிக்கர் தோமஸ் நேகலும் ஒரே அரங்கிற் படித்த இரு கட்டுரைகளில் இதே சில்லு மீண்டும் சுழல்கின்றது. தன் தவறின்றியே ஒரு பிள்ளையை மோதிவிட்ட லொறிச் சாரதியின் துயரம், பார்த்துநின்றவரின் துயரத்தினின்றும் வேறானதென்கிறார் வில்லியம்ஸ். தடுப்பை அண்மையிற் பரிசோதிக்காத சாரதியை நேகல் எடுத்துக்காட்டுகின்றார். பிள்ளை குறுக்கே வராவிடில் அவன் செய்தது சிறு அசட்டை. பிள்ளை வந்துவிட்டால் அதே அசட்டைக்காக வாழ்நாள் முழுவதும் தன்னை நொந்துகொள்வான். இரண்டு நாட்களிலும் அவன் செய்தது ஒன்றே, வேறுபட்டது நற்பேறு. உறையில்லாமல் ஆண்டுக்கணக்காக ஓடியும் ஒன்றும் நடக்கவில்லை என்று கூறுபவன் தன் நற்பேற்றையே தன் கவனமாக எண்ணிக்கொள்கின்றான். வீதியிற் கேட்கும் வாதங்களுள் மிகப் பலமானதாகத் தோன்றுவதும், மிகப் பலவீனமானதும் இதுவே.

எண்ணத்துக்கும் தற்செயலுக்கும் இடையிலுள்ள இந்நிலத்திற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பொச்சாவாமை என்பது அதன் பெயர். மகிழ்ச்சி மிகுதியிற் பிறக்கும் மறதியை அவர் சினத்தின் மிகுதியோடு சேர்த்து நிறுத்துப் பார்க்கின்றார். மறதி என்பது வெறும் இன்மையன்று, மனநிறைவிலிருந்து முளைப்பது என்ற நுட்பம் அதிற் பொதிந்துள்ளது. எண்ணெயிடுபவனின் நிலைக்கு இது மிகவும் பொருந்தும். அவன் கவனமற்றவனல்லன். ஊரில் வண்டியை நன்றாக வைத்திருப்பவன் என்று பெயரெடுத்தவன். அந்தப் பெயரே அவனுக்குப் போதுமானதாகிவிடுகின்றது. 1974இல் வெளிவந்து பெரும் வாசகரைப் பெற்ற நூலில் றொபேட் பேர்சிக், வண்டியைத் தானே பேணுவதை ஒரு தத்துவமாகவே உயர்த்தினார். எந்திரத்தின் ஓசையை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட அந்நூலின் கதைசொல்லிக்கு, பின்னிருக்கையில் நாட்கணக்காக அமர்ந்துவந்த மகனின் மனத்தைக் கேட்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. நூலின் கனமான பகுதியும் அதுவேயாகும்.

எண்ணெயும் உறையும் வேறுபடும் இடம் இங்கேதான் தெளிவாகின்றது. எண்ணெய் விட்டவனுக்கு அதன் பயன் உடனே கிட்டுகின்றது: ஓசை அடங்குகின்றது, சங்கிலி நீடிக்கின்றது, பணம் மிஞ்சுகின்றது. உறை பூட்டியவனுக்கு எதுவும் கிட்டுவதில்லை. நிகழாமற்போன விபத்தை எவரும் காண்பதில்லை; பின்னால் இருந்தவர்கூட நன்றி கூறுவதில்லை. உறை கழற்றப்படும்போது, அது செய்துவந்த காவல் ஒழிந்துவிடுவதுமில்லை. அது இடம் மாறுகின்றது. முன்பு இரண்டு ஆணிகளும் ஒரு தகடும் செய்த வேலையை இனிப் பின்னால் இருப்பவரின் கையும் கண்ணும், பயணம் முழுவதும், செய்துகொண்டிருக்கவேண்டும். அவரைக் கேட்காமலே அவ்வேலை அவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. தன் வேலையைக் குறைப்பதற்காகக் கழற்றிய பொருள் பிறருக்கு வேலையாகின்றதென்பதை அறியாதிருத்தலே இங்குள்ள அறப்பிழை. விபத்து நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும் அப்பிழை உண்டு.

உறை பூட்டிய எல்லோரும் இதனால் அறவோராகிவிடுவர் என்று கொள்ளலாகாது. உறைக்குள் காய்ந்து துருவேறிய சங்கிலி ஒருநாள் அறுந்து பின்சில்லைச் சுற்றி இறுக்குமாயின், முன்னிருப்பவரும் பின்னிருப்பவரும் சேர்ந்தே வீழ்வர். மூடிவைத்துவிட்டு மறந்துவிடும் ஒழுக்கம் ஒழுக்கமாகாது. ஆனால் அந்தத் தவறு தன்னையே முதலிற் தாக்குமாதலால் அதனைத் திருத்தத் தன்னலமே போதும். மற்றைய தவறைத் திருத்தத் தன்னலம் உதவாது.

வறுமையைக் காட்டி எழுப்பப்படும் தடைக்கும் மதிப்பளிக்கவேண்டும். புதிய உறையின் விலை சிலருக்கு ஒருநாள் மீன்வியாபாரத்தின் இலாபமாக இருக்கலாம். உள்ள சல்லியில் முதலில் வாங்கப்படுவது சங்கிலியா உறையா என்றால் சங்கிலியே. அது இல்லாமல் வண்டி ஓடாது. இயலாதவனை அறத்தின் பெயராற் கடிந்துகொள்வது நகரத்து மேசையிலிருந்து எழுதுவோரின் பழைய பழக்கம். எனினும் பெரும்பாலான உறைகள் பணமில்லாமையாற் கழற்றப்பட்டவையல்ல. கழற்றப்பட்ட உறை பலரது வீட்டுக் கோடியிலோ கராஜின் மூலையிலோ கிடக்கின்றது. அரிபட்ட துளைக்கு ஒரு வளையமும் நட்டும் இட்டால் அது மீண்டும் நிற்கும். அதுவும் இயலாதபோது, பின்னால் ஏறுபவருக்குச் சங்கிலி திறந்திருக்கின்றது என்று ஒரு வார்த்தை சொல்வதற்குச் செலவில்லை. அந்த வார்த்தை சொல்லப்பட்டால், அவர் கால்களை இருபுறமும் போட்டு அமரலாம், வேறு வண்டிக்குக் காத்திருக்கலாம், கோபிக்கவும் செய்யலாம். எல்லாவற்றிலும் கடைசியாகக் கூறப்பட்டதற்கு அஞ்சியே பலர் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை போலும்.

முத்துமாரியம்மன் கோயிற் பொங்கல் நாட்களிற் சல்லிக்குச் செல்லும் வழியெங்கும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகச் செல்லும். அவற்றில் ஏறுமுன் பெண்கள் செய்யும் ஒரு செயலைக் கவனித்தல் தகும். கொய்சகத்தை இடக்கையாற் திரட்டித் தொடைக்கடியில் ஒடுக்கி, முந்தானையை முன்னே இழுத்து இடுப்பிற் செருகி, அதன் முனையைக் குழந்தையைப் பிடித்த கையின் விரல்களுக்கிடையே சுற்றிக்கொண்ட பின்பே அமர்கின்றனர். சைக்கிளின் பின்னால் அமர்ந்த காலத்திலேயே அவர்களுடைய தாய்மார் அதனைக் கற்றிருக்கவேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத அப்பயிற்சி, வழிநெடுகத் தளராமல் நடைபெறுகின்றது. கோயிலடி மணலில் வண்டி நின்றதும் அவள் இறங்கி, விரல்களை விரித்து அம்முனையை விடுவிக்கின்றாள். முன்னால் இருந்தவன் அதற்குள் வண்டியைச் சரித்து நிறுத்திவிட்டு, சங்கிலியின் தொய்வைக் கால்விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.